பந்து போடக் கூப்பிடுவார்கள், பேட்டைத் தர மாட்டார்கள்

சேப்பாக்கத்தில் மேட்ச் இருக்கும் நாட்களில் திருவல்லிக்கேணிக்குத் தொலைக்காட்சி தேவையில்லை. சத்தத்தை வைத்தே சிக்ஸரா, விக்கெட்டா என்று சொல்லிவிடுவார்கள் எங்கள் பகுதிப் பிள்ளைகள். அப்படிச் சரியாகச் சொல்லும் ஒருவனுக்கு நான் தவறான ஒரு புத்தி சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளத்தான் இந்தப் பதிவு.

அவன் பெயர் வேண்டாம். வயது 19. அம்மா தூய்மைப் பணியாளர். கால்வாய்க் கரையில் இருந்த வீட்டை இடித்தபோது குடும்பத்தைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இவன் மட்டும் பாட்டியோடு இங்கேயே தங்கிவிட்டான். மெரினா மணலில் டென்னிஸ் பந்தில் பழகிய இடக்கைச் சுழற்பந்து வீச்சாளன். இரண்டு வருடத்துக்கு முன் நகரத்தின் ஒரு கிளப்பில் இவனை நெட் பவுலராகச் சேர்த்துக்கொண்டார்கள். லீக் ஆடுகிறவர்கள் பேட்டிங் பயிற்சி செய்யும்போது மணிக்கணக்கில் பந்து போட வேண்டும். நாளுக்கு 300 ரூபாய். அணிப் பட்டியலில் பெயர் கிடையாது.

சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்து சொன்னான்: “அக்கா, நான் போட்டா அவங்க அவுட் ஆவுறாங்க. ‘சூப்பர் டா’ன்றாங்க. ஆனா ரெண்டு வருசத்துல ஒரு தடவகூட பேட்டக் கையில குடுக்கல. டீம்லயும் எடுக்கல.”

“சாதி கேட்டாங்களா?” என்றேன்.

“அதெல்லாம் கேக்கல. வீடு எங்கன்னு கேட்டாங்க.”

சமூகவியலில் முதுகலை படித்த எனக்கு அந்த ஒரு வரியே போதுமானதாக இருந்திருக்க வேண்டும். சென்னையில் முகவரிதான் சாதிச் சான்றிதழ். ஆனால் நான் அன்று சொன்ன பதில் வேறு: “நீ திறமையைக் காட்டிக்கிட்டே இரு. திறமை இருந்தா யாராலயும் தடுக்க முடியாது.”

இது நான் சொன்ன பொய். தெரிந்தே சொல்லவில்லை, பழக்கத்தில் வந்துவிட்டது. நம் பள்ளிக்கூடங்களும் சினிமாவும் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களும் நமக்குள் ஊற்றிவைத்த பழக்கம். அது ஏன் பொய் என்பதை இந்திய கிரிக்கெட்டின் முதல் பெரும் சுழற்பந்து வீச்சாளரின் வாழ்க்கையே சொல்லிவிடும். அவரும் இடக்கைக்காரர். அவரும் நம்மவர்.

பல்வங்கர் பாலூ 1876இல் தார்வாடில் பிறந்தவர். தோல் தொழிலோடு பிணைக்கப்பட்ட சமார் சாதி. குடும்பம் பூனாவில் இருந்தது. பையனாக இருக்கும்போதே அங்கே பார்சிகளின் கிரிக்கெட் கிளப் ஒன்றில் மைதான வேலைக்குச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 3 ரூபாய். பிறகு ஐரோப்பியர்களின் பூனா கிளப்பில் 4 ரூபாய். பிட்சை உருட்டுவது, கோடு போடுவது, வலை கட்டுவது அவர் வேலை. வலை கட்டி முடித்தபின் வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் பந்து போடுவதும் அவர் வேலையானது.

அங்கே ஆடிய ஜே.ஜி. கிரேக் என்ற ராணுவ அதிகாரி அந்தக் காலத்தின் பெரிய பேட்ஸ்மேன். மற்றவர்களுக்கு முன்னாலேயே வந்து, பாலூவின் பந்தில் தனியாகப் பயிற்சி எடுப்பார். தன்னை அவுட்டாக்கும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா கொடுப்பார் என்றும் ஒரு கதை உண்டு. இப்படி ஆயிரக்கணக்கான பந்துகள் போட்டுப் போட்டுத்தான் பாலூவின் கை தேர்ந்தது. ஆனால் அந்த வருடங்களில் அவருக்குப் பேட்டிங் செய்ய வாய்ப்பே தரப்படவில்லை என்று வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா எழுதுகிறார். பேட்டிங் துரைமார்களின் கலை, பந்து போடுவது கூலிக்காரன் உழைப்பு.

இதைப் படித்தபோது என் கண்முன் வந்தது பூனா அல்ல, எங்கள் பையனின் முகம்தான்.

அடுத்து நடந்தது இன்னும் முக்கியம். பூனாவின் இந்துக்கள் ஐரோப்பியர்களை கிரிக்கெட்டில் தோற்கடிக்க ஆசைப்பட்டார்கள். அதற்கு பாலூ வேண்டும். ஆனால் அவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று பார்ப்பன உறுப்பினர்களுக்குள் பெரிய தகராறு. கடைசியில் சேர்த்தார்கள். எப்படிச் சேர்த்தார்கள்? மைதானத்தில் எல்லோரும் தொட்ட அதே பந்தை அவரும் தொடலாம். தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் குடிக்க, அவர் வெளியே நின்று மண் குவளையில் குடிக்க வேண்டும். குடித்ததும் உடைத்துப்போடும் குவளை. சாப்பாட்டுக்குத் தனித் தட்டு, தனி மேசை.

நம்மூர் டீக்கடைகளின் இரட்டைக் குவளை முறையை ஒழிக்கப் போராடிய தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். கிரிக்கெட் பந்து தோலால் ஆனது. தோலைப் பதப்படுத்தித் தைத்துத் தருகிறவன் தீட்டு, அவன் தைத்த பந்து தீட்டில்லை. பாலூவின் விரல் தீட்டு, அந்த விரல் எடுத்துத் தரும் விக்கெட் தீட்டில்லை. சாதி எப்போதும் இப்படித்தான் கணக்குப் பார்க்கும். உழைப்பை எடுத்துக்கொள்ளும், உழைத்தவனை வாசலில் நிறுத்தும்.

இந்த இடத்தில் நம் சென்னையையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வோம். 1846இல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் வெள்ளையர்களுக்கானது. சேப்பாக்கம் மைதானம் அவர்களுடையது. இந்தியர்கள் அங்கே ஆட வந்தாலும் பெவிலியனுக்குள் சமமாக உட்கார முடியாது, மரத்தடியில்தான் சாப்பிட வேண்டும். அந்த அவமானத்தைப் பொறுக்க முடியாத புச்சி பாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். இன்று அவரைத் ‘தென்னிந்திய கிரிக்கெட்டின் தந்தை’ என்கிறோம். அவர் பெயரில் போட்டித் தொடரே நடக்கிறது. அவரிடம் செல்வம் இருந்தது. ‘நீ கதவைச் சாத்தினால் நான் வேறு வீடு கட்டிக்கொள்கிறேன்’ என்று சொல்ல முடிந்தது. நியாயமான கோபம், மதிக்கிறேன். ஆனால் மாதம் 4 ரூபாய் வாங்கும் பாலூ எந்தக் கிளப்பைக் கட்டியிருக்க முடியும்? அவரை வெளியே நிறுத்தியவர்கள் வெள்ளைக்காரர்கள் மட்டுமா? ‘மரத்தடியில் சாப்பிட வைத்தார்கள்’ என்பதை தேச அவமானமாகப் படிக்கிற நாம், ‘மண் குவளையில் குடிக்க வைத்தார்கள்’ என்பதைப் பாடப் புத்தகத்தில் எங்காவது படித்திருக்கிறோமா?

பாலூ பம்பாய்க்குப் போனார். 1906இல் இந்துக்கள் அணி ஐரோப்பியர்களை 109 ரன் வித்தியாசத்தில் வென்றபோது அதில் பெரும்பங்கு அவருடைய பந்துவீச்சு. 1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து போனது. அணி தோல்விமேல் தோல்வி கண்டது. 35 வயதில், தோள்வலியோடு, பாலூ மட்டும் அந்தப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். திரும்பி வந்ததும் பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். அந்த விழாவில் வாழ்த்து மடல் அளித்தவர் அப்போது கல்லூரி மாணவராக இருந்த அம்பேத்கர் என்று குஹா குறிப்பிடுகிறார். நம் பிள்ளைகள் இன்று சுவரில் அம்பேத்கர் படம் ஒட்டுகிறார்கள். அந்த அம்பேத்கர் இளைஞராக இருந்தபோது அண்ணாந்து பார்த்த நாயகர் பாலூ.

இப்போது கணக்கைப் பாருங்கள். முதல்தர ஆட்டங்களில் 33 ஆட்டம், 179 விக்கெட். ஒரு விக்கெட்டுக்கு 15 ரன்தான் கொடுத்திருக்கிறார். இதைவிடத் திறமையை ஒருவர் எப்படிக் காட்ட முடியும்? அவருக்குப் பின் சிவ்ராம், கண்பத், விட்டல் என்று மூன்று தம்பிகளும் வந்தார்கள். விட்டல் அக்காலத்தின் சிறந்த பேட்ஸ்மேன்களில் ஒருவர். வெள்ளைக்காரன் அண்ணன் கையில் தராத பேட்டைத் தம்பி எடுத்துக்கொண்டார். இத்தனைக்குப் பிறகும் பாலூவுக்கு இந்துக்கள் அணியின் கேப்டன் பதவி வரவில்லை. வருடாவருடம் அவரைவிடச் சாதியில் ‘உயர்ந்த’ யாராவது ஒருவர் கேப்டன்.

1920இல் பொறுமை உடைந்தது. விட்டலைத் தாண்டி ஒரு பார்ப்பனரைக் கேப்டனாக்கியது தேர்வுக் குழு. விட்டலும் சிவ்ராமும் அணியிலிருந்து விலகினார்கள். சும்மா விலகவில்லை, சாதிதான் காரணம் என்று வெளிப்படையாக அறிக்கை விட்டு விலகினார்கள். பம்பாய் பேச ஆரம்பித்தது. தேர்வுக் குழு இறங்கி வந்தது. இறுதிப் போட்டிக்குத் தம்பிகள் திரும்பினார்கள், பாலூ துணை கேப்டனாக அறிவிக்கப்பட்டார். அதன் பிறகும் இழுபறிதான். காந்தியின் தீண்டாமை எதிர்ப்புப் பேச்சு நாடெங்கும் பரவியிருந்த அந்தச் சூழலில், 1923இல் விட்டல் இந்துக்கள் அணியின் கேப்டன் ஆனார். அந்த வருடம் ஐரோப்பியர்களைத் தோற்கடித்துக் கோப்பையும் வென்றார்.

தோழர்களே, இந்த வரிசையை இன்னொரு முறை பாருங்கள். பாலூவின் திறமை இருபது வருடத்துக்கு மேல் பந்து போட்டது. அந்தத் திறமைக்குக் கிடைத்தது மண் குவளையிலிருந்து மேசை வரை. தேர்வுக் குழுவின் கதவு அசைந்தது திறமையைக் காட்டியபோது அல்ல, திறமையைத் தர மறுத்தபோது. அதுவும் தனியாக மறுக்கவில்லை. அண்ணன் தம்பியாக, ஊரறிய, காரணம் சொல்லி மறுத்தார்கள்.

இது கிரிக்கெட்டுக்கு மட்டும் உள்ள கதை அல்ல. அமெரிக்காவின் பேஸ்பாலில் இதன் இன்னொரு பாகம் இருக்கிறது. பேஸ்பாலில் எல்லைப் பக்கம் தூரத்தில் நின்று உயரப் பந்துகளைப் பிடிப்பவரை அவுட்ஃபீல்டர் என்பார்கள். 1960களில் அந்த இடத்தில் மிகச் சிறந்தவர்களில் ஒருவர் கர்ட் ஃபிளட் என்ற கறுப்பினத்தவர். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு 12 வருடம் ஆடினார். சிறந்த ஃபீல்டருக்கான ‘தங்கக் கையுறை’ விருதைத் தொடர்ந்து 7 வருடம் வாங்கினார். இரண்டு முறை வேர்ல்ட் சீரிஸ் கோப்பை.

1947இலேயே ஜாக்கி ராபின்சன் நிறத்தடையை உடைத்துவிட்டார் என்று வரலாறு சொல்லும். ஆனால் அதற்குப் பத்து வருடம் கழித்தும் ஃபிளட் தென் மாநிலங்களில் இளம் வீரராக ஆடியபோது, அவர் கழற்றிப் போட்ட வியர்வைத் துணி வெள்ளை வீரர்களின் துணிகளோடு கலந்துவிட்டதென்று, உடைமாற்றும் அறை ஊழியர் அதைக் குச்சியால் குத்தி எடுத்து ‘கறுப்பர்களுக்கான’ சலவைக்கடைக்கு அனுப்பினார். துணி திரும்பி வரும்வரை ஃபிளட் உடையில்லாமல் காத்திருந்தார். பூனாவில் மண் குவளை, அங்கே குச்சி. தொடாமலிருக்கச் சாதனம் கண்டுபிடிப்பதில் நிறவெறிக்கும் சாதிக்கும் ஒரே மூளை.

1969இல் கார்டினல்ஸ் நிர்வாகம் அவரைக் கேட்காமலேயே பிலடெல்பியா அணிக்குக் கைமாற்றியது. அன்றைய ஒப்பந்த விதிப்படி ஒரு வீரர் ஓர் அணிக்குக் கையெழுத்துப் போட்டால் ஆயுளுக்கும் அந்த அணியின் சொத்து. அணி அவரை விற்கலாம், அவர் தானாக வேறு அணிக்குப் போக முடியாது. ஃபிளட் போக மறுத்தார். என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கி விற்க நான் சரக்கு அல்ல என்ற பொருளில் பேஸ்பால் ஆணையருக்குக் கடிதம் எழுதினார். வருடத்துக்கு 90,000 டாலர் வாங்குகிறவருக்கு என்ன குறை என்று கேட்டார்கள். சம்பளம் நிறைய வாங்கினாலும் அடிமை அடிமைதான் என்பதே அவர் பதிலின் சாரம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1972இல் தோற்றார். அந்த வழக்குக்காக அவர் 1970 முழுக்க ஆடவில்லை. மறுவருடம் 13 ஆட்டம் மட்டும் ஆடிவிட்டு விலகினார். ஆட்ட வாழ்க்கை முடிந்துபோனது. ஆனால் அவர் முட்டிய சுவரில் விரிசல் விழுந்திருந்தது. 1975இல் வேறு இரண்டு வீரர்கள் அதே விதியை எதிர்த்து வென்றார்கள். இன்று அணி மாறும் உரிமையோடு கோடிகளில் சம்பளம் வாங்கும் ஒவ்வொரு பேஸ்பால் வீரரும் ஃபிளட்டின் கடன்காரர்.

ஆனால் என்னை உறுத்தும் தகவல் வேறு. ஃபிளட்டின் வழக்கைச் சங்கம் நடத்தியது, செலவையும் ஏற்றது. ஓய்வுபெற்றிருந்த ஜாக்கி ராபின்சன் வந்து சாட்சி சொன்னார். அப்போது ஆடிக்கொண்டிருந்த வீரர்களில் ஒருவர்கூட நீதிமன்றத்துக்கு வந்து அவர் பக்கத்தில் உட்காரவில்லை. விட்டலுக்கு ஒரு சிவ்ராம் இருந்தார். ஃபிளட்டுக்குக் களத்தில் இருந்தவர்களில் யாருமில்லை. மறுப்பு ஒன்றேதான், விலை எவ்வளவு என்பதை முடிவுசெய்வது கூட நிற்பவர்களின் எண்ணிக்கை.

பாலூவைப் பற்றிச் சொல்லும்போது கசப்பான பகுதியை மறைக்கக் கூடாது. 1932இல் தனித்தொகுதி பற்றிய போராட்டத்தில் அவர் அம்பேத்கர் பக்கம் நிற்கவில்லை. நம் சென்னையின் எம்.சி. ராஜாவோடு சேர்ந்து கூட்டுத் தொகுதிப் பக்கம் நின்றார். பூனா ஒப்பந்தத்தில் இருவர் கையெழுத்தும் உண்டு. 1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கருக்கு எதிராகக் காங்கிரஸ் நிறுத்திய வேட்பாளர் பாலூதான். அம்பேத்கர் 13,245 வாக்கு, பாலூ 11,225 வாக்கு. நம் மக்களின் நாயகரையே நம் தலைவருக்கு எதிராக நிறுத்தினார்கள். இன்றும் அப்படித்தான் நிறுத்துகிறார்கள்.

இதற்காக பாலூவைத் துரோகி என்று தூக்கியெறிந்துவிடலாமா? நான் மாட்டேன். இந்துக்கள் அணிக்குள்ளேயே தன் வாழ்நாளைக் கழித்து, உள்ளிருந்தே ஓரளவு மரியாதையை வென்றவர் அவர். உள்ளே இருந்தால் போதும், காலப்போக்கில் ஏற்றுக்கொள்வார்கள் என்று அவர் நம்பியிருக்கலாம். அந்த நம்பிக்கை தவறு என்பது அவருடைய சொந்த வாழ்க்கையிலேயே, 1920இல், அவர் தம்பிகளாலேயே நிரூபிக்கப்பட்டது. அவரைக் கும்பிடவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். படிப்போம்.

“விளையாட்டில் சாதியைக் கொண்டு வராதீர்கள்” என்று நம்மிடம் சொல்வார்கள். கொண்டுவந்தவர்கள் நாமல்ல. அந்த அணியின் பெயரே ‘இந்துக்கள்’. பார்சிகள், முஸ்லிம்கள், ஐரோப்பியர்கள் என்று மதம் பிரித்துத்தான் இந்த நாட்டில் பெரிய கிரிக்கெட் தொடங்கியது. நிறவெறியின் வரலாற்றை ஒப்புக்கொண்ட தென்னாப்பிரிக்கா, 2016இல் தன் தேசிய அணியில் சராசரியாக 6 பேர் வெள்ளையரல்லாதவராக இருக்க வேண்டும், அதில் 2 பேராவது கறுப்பின ஆப்பிரிக்கராக இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. அங்கே கிரிக்கெட் செத்துவிடவில்லை. இங்கே அந்தப் பேச்சை எடுத்தாலே ‘தகுதி, திறமை’ என்று குதிக்கிறார்கள். தகுதி பார்ப்பவர்கள் பாலூவை ஏன் கேப்டனாக்கவில்லை என்று கேளுங்கள்.

இனி எங்கள் பையனுக்கு வருகிறேன். போன மாதம் அவனை உட்காரவைத்து பாலூ கதையைச் சொன்னேன். மண் குவளை வந்தபோது சிரித்தான். “எங்களுக்கு பேப்பர் கப்பு அக்கா. அவங்களுக்கு உள்ள பிளாஸ்க்குல” என்றான். பேட்டிங் கொடுக்காத இடம் வந்தபோது சிரிக்கவில்லை. பிறகு நான் என் பழைய புத்திமதியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். “நான் சொன்னது தப்புடா. திறமையை நீ காட்டியாச்சு. இனிமே அவங்கதான் காட்டணும்” என்றேன்.

அவனோடு பந்து போடும் பிள்ளைகள் இன்னும் நான்கு பேர். நால்வரும் இவனைப் போலவே குடிசை மாற்று வாரியக் குடியிருப்புக்காரர்கள். ஐந்து பேரும் பேசி முடிவெடுத்து, பயிற்சியாளரிடம் போய் இரண்டு விஷயம் கேட்டார்கள். ஒன்று, எங்களுக்கும் வாரம் ஒருநாள் பேட்டிங் பயிற்சி வேண்டும். இரண்டு, அடுத்த சீசன் தேர்வுக்கு எங்கள் பெயரையும் எழுதிக்கொள்ள வேண்டும். அதுவரை வலைக்கு வரமாட்டோம். குரலை உயர்த்தவில்லை, கெஞ்சவும் இல்லை.

மூன்று வாரம் ஆகிறது. இதை எழுதும்வரை கிளப்பிலிருந்து அழைப்பு வரவில்லை. நாளுக்கு 300 ரூபாய் போனது சின்ன விஷயமில்லை. ஒருவன் வீட்டில் “வந்த சோத்தக் கெடுத்துக்கிட்டியே” என்று திட்டு. இன்னொருவன் டெலிவரி வேலைக்குப் பதிவு செய்துவிட்டான். வேறு ஐந்து பிள்ளைகளை அதே கிளப் கூப்பிட்டுக்கொள்ளும் என்ற பயமும் இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. ஃபிளட்டுக்கு நடந்தது இவர்களுக்கும் நடக்கலாம்.

அதனால்தான் மாணவத் தோழர்களே, உங்களிடம் வருகிறேன். உங்கள் கல்லூரி அணியில், உங்கள் பகுதி கிளப்பில், வலையில் பந்து போடுகிறவர் யார், பிட்சை உருட்டுகிறவர் யார், பட்டியலில் பெயர் இருப்பவர் யார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தத் தாளே பாதி வேலையைச் செய்யும். யாராவது ஒருவர் ‘இனி வரமாட்டேன்’ என்று சொன்னால் அவரிடம் திறமையைக் காட்டச் சொல்லாதீர்கள். பக்கத்தில் போய் நில்லுங்கள். உங்களை எங்காவது பந்து போடக் கூப்பிட்டால், அந்த ஐந்து பேர் ஏன் வரவில்லை என்று முதலில் கேளுங்கள்.

அவர்கள் ஐவரும் இப்போது மாலையில் மெரினா மணலில்தான் ஆடுகிறார்கள். நேற்று போயிருந்தேன். எங்கள் பையன் பேட்டிங் செய்துகொண்டிருந்தான். மட்டமாகத்தான் ஆடினான். இரண்டு வருடம் பேட்டைத் தொடாத கை வேறெப்படி ஆடும்?

ஜெய்பீம்.